தாடியஸ் ஸ்டீவன்ஸும் நாற்பது ஏக்கரும்

1821ஆம் வருடம் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண்ணும் அவருடைய இரண்டு குழந்தைகளும் அடிமைகளா, சுதந்திரமானவர்களா என்பதுதான் கேள்வி. பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் அடிமை முறை முழு வீச்சில் இருந்தது. பென்சில்வேனியாவில் 1780லேயே அதைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. வெளி மாநிலத்து எஜமான் ஒருவர் தன் அடிமையை இங்கே கூட்டி வந்து ஆறு மாதம் வைத்திருந்தால், அந்த ஆளுக்கு விடுதலை. சாரிட்டியை வேலைக்கு வைத்திருந்தவர்கள் அவரைப் பலமுறை எல்லை தாண்டிக் கூட்டி வந்து, திரும்ப அழைத்துப் போயிருந்தார்கள். அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும்.

எஜமானின் வக்கீல் எழுந்தார். சட்டம் சொல்வது தொடர்ச்சியான ஆறு மாதம்; விட்டு விட்டு வந்துபோன நாட்களைக் கூட்டிக் கணக்குக் காட்டக் கூடாது என்றார். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சாரிட்டியும் இரண்டு குழந்தைகளும் அடிமைத்தனத்துக்கே திரும்பிப் போனார்கள்.

வழக்கை ஜெயித்த அந்த வக்கீலுக்கு வயது முப்பதை எட்டவில்லை. பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். அமெரிக்காவில் பிறந்த ஒவ்வொருவரும் குடிமகனே, சட்டத்தின் பாதுகாப்பு எல்லோருக்கும் சமம் என்று சொல்லும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14வது திருத்தத்தை 45 வருடம் கழித்து நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேற்றிக் காட்டியவரும் இவரேதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு வருடங்களைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிறவன் நான். அதில் வரும் அத்தனை பேரிலும் ஸ்டீவன்ஸ் மாதிரி என்னைப் பிடித்து உட்கார வைத்தவர் வேறு யாரும் இல்லை. சாரிட்டி பட்லர் வழக்கை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நியாயமாகாது என்பதால்தான் முதலில் அதையே சொன்னேன். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் பின்னால் வந்த எந்தத் திருத்தமும் ஈடாகாது.

அவர் பிறந்தது 1792 ஏப்ரல் 4, வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் கிராமத்தில். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. கடைசி வரை நொண்டிதான் நடந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். குடும்பத்தைத் தாங்கும் ஆளில்லை, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டே போய்விட்டார். நான்கு பையன்களையும் அம்மா சாராதான் வளர்த்தார். நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் படிப்புதான் துணை என்று முடிவு செய்து, நல்ல பள்ளி இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். ஸ்டீவன்ஸ் 1814ல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அம்மாவின் மேல் அவருக்கு இருந்த பாசம் உயில் வரைக்கும் வந்தது: பீச்சம் இடுகாட்டுக்கு 500 டாலர் எழுதி வைத்து, அம்மாவின் சமாதியின் நான்கு மூலைகளிலும் வசந்தம்தோறும் ரோஜாவோ வேறு மலர்ச்சியான பூச்செடியோ நட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

படிப்பு முடிந்ததும் பென்சில்வேனியாவின் யார்க் நகரத்துக்கு வாத்தியாராகப் போனார். பகலில் பாடம் நடத்திக்கொண்டே சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டு சட்டம் படிக்கிறவர்களைச் சேர்ப்பதில்லை என்று அந்த ஊர் வக்கீல்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். சரி என்று குதிரை ஏறி மேரிலாந்துக்குப் போய் அங்கே தேர்வு எழுதி வக்கீலானார். திரும்பி வந்து 1816ல் கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். பின்னால் மிகப் பெரிய சண்டை நடந்து உலகத்துக்கே பெயர் தெரிந்த ஊர். அன்றைக்குச் சின்ன ஊர். மேரிலாந்து எல்லை சில மைல் தூரம்தான். அதனால் தப்பி ஓடி வரும் அடிமைகளும் அவர்களைத் துரத்தி வரும் ஆட்களும் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு வாடிக்கை.

சாரிட்டி வழக்கு முடிந்து இரண்டு வருடத்தில், 1823 ஜூலை 4 சுதந்திர தின விருந்தில், கோப்பையை உயர்த்தி அவர் சொன்ன வாழ்த்து பதிவாகியிருக்கிறது. அடுத்த ஜனாதிபதி, எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாத சுதந்திர மனிதராக இருக்கட்டும் என்றார். அதுவரை ஜனாதிபதியாக இருந்தவர்களில் பெரும்பாலானோர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். எல்லை ஓர ஊரில், மேரிலாந்து எஜமான்களிடம் தொழில் வாங்கும் வக்கீல் ஒருவர் ஊர் விருந்தில் இதைச் சொல்வது சாதாரண விஷயமில்லை. அதன் பிறகு தப்பி வந்தவர்களுக்காகவே வாதாடினார், பல வழக்குகளில் காசு வாங்காமல். இந்த மாற்றத்துக்கு நான் வைத்திருக்கும் விளக்கம் இது: கருணையால் மனம் உருகியதைவிட, ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் திருப்பி அனுப்ப ஒரு வரியை எப்படிப் படித்தால் போதும் என்பதைத் தன் கையாலேயே செய்து பார்த்தவர் அவர். சட்டத்தில் எந்த இடத்தில் ஓட்டை விட்டால் எப்படி நுழைவார்கள் என்பது அவருக்குத் தெரியாத ரகசியமில்லை.

1833ல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த வருடம் பென்சில்வேனியாவில் பொதுக் கல்விச் சட்டம் வந்தது: எல்லோரிடமும் வரி வாங்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி. அதற்கு முன்னால் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் மாவட்டம் கட்டணம் கட்டும். அதற்கு, நாங்கள் ஏழைகள் என்று பெற்றோர் அறிவித்துப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். பலர் அந்த அவமானத்துக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் இருந்துவிட்டார்கள். புதுச் சட்டம் வந்ததும் வரி கட்டுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். சட்டத்தை ரத்து செய்வோம் என்று சொன்னவர்கள் அடுத்த தேர்தலில் வரிசையாக ஜெயித்து வந்தார்கள். மாநில மேலவை ரத்து மசோதாவை நிறைவேற்றிவிட்டது. கீழவையிலும் அதுதான் நடக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டீவன்ஸின் தொகுதி மக்களே ரத்து பக்கம்தான் இருந்தார்கள்.

1835 ஏப்ரல் 11 அன்று அவர் பேசினார். ஏழை என்று பெயர் பதிந்து படிக்கச் சொல்லும் பழைய முறையை, வறுமைக்கு முத்திரை குத்துகிற சட்டம் என்று கிழித்தார். எனக்குப் பிள்ளையே இல்லை, ஊரான் பிள்ளைக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் எடுபடும்: குற்றவாளியைப் பிடித்து அடைத்துச் சோறு போடும் சிறைக்கு முகம் சுளிக்காமல் வரி கட்டுகிறீர்கள், ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கும் செலவு என்றால் மட்டும் கசக்கிறது. பேச்சு முடிந்து வாக்கெடுத்தபோது ரத்து தோற்றது. பள்ளிகள் பிழைத்தன. ஒரு பேச்சு ஓட்டை மாற்றிய சம்பவங்கள் சட்டமன்ற வரலாறுகளில் அபூர்வம். செருப்புத் தைத்தவரின் மகன் ஒருவன் அந்த இடத்தில் இருந்ததால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன்.

இதே மனிதர் அரசியல் தில்லுமுல்லுகளுக்கும் தயங்காதவர். 1838 தேர்தலில் எந்தக் கட்சிக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை என்ற தகராறு முற்றி, மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் கூட்டம் உள்ளே புகுந்தபோது, ஸ்டீவன்ஸ் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார். அந்தத் தகராறில் அவர் கட்சியின் பக்கம் நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சூதாடுவார். நாக்கில் விஷம் வைத்திருப்பவர் என்று எதிரிகள் சொல்வார்கள், நண்பர்களும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதே காலகட்டத்தில், 1837-38ல் மாநிலத்துக்குப் புது அரசியல் சாசனம் எழுதிய மாநாட்டில், வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு சொல்லைச் சேர்த்தபோது, அந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்தவரும் அவர்தான். அதுவரை பென்சில்வேனியாவில் கறுப்பினத்தார் சிலர் வாக்களித்து வந்தார்கள். உரிமை கொடுத்த பிறகும் ஒரே சொல்லால் அதைப் பறிக்க முடியும் என்பதை அவர் அங்கே நேரில் பார்த்தார்.

1842ல், இரும்பு உருக்கும் தொழிலில் போட்ட பணம் கடனாகிக் கழுத்தை நெரித்த நிலையில், வருமானம் தேடி லாங்காஸ்டர் நகரத்துக்கு மாறினார். அங்கே அவர் வீட்டை நிர்வகிக்க வந்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித். கெட்டிஸ்பர்க்கில் பிறந்தவர், கலப்பினப் பெண், இரண்டு மகன்களின் தாய், பின்னால் விதவையானவர். ஸ்டீவன்ஸ் சாகும் வரை, இருபது வருடத்துக்கு மேல், அந்த வீடு லிடியாவின் பொறுப்பில் இருந்தது. அவர்கள் இருவரின் உறவு பற்றி எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் எழுதாத அசிங்கமில்லை. ஸ்டீவன்ஸ் அவரை எல்லோர் முன்னாலும் மிஸஸ் ஸ்மித் என்றுதான் கூப்பிட்டார். கறுப்பினப் பெண்களை வெறும் பெயர் சொல்லி அதட்டுவதே வழக்கமாக இருந்த காலம் அது. லிடியா சொந்தமாக வீடுகள் வாங்கித் தொழில் நடத்தியவர். 1863ல் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் வண்டி பிடித்து, அக்கம்பக்கத்தில் உணவும் துணியும் சேகரித்து, காயம்பட்டவர்களுக்கு எந்தப் படை என்று பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்படிப்பட்ட பெண்ணை வேலைக்காரி என்ற ஒரே சொல்லில் கடந்துபோகும் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. லாங்காஸ்டரில் அந்த வீட்டின் பின்புறம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடைத்தது. தப்பி வந்தவர்கள் ஒளிந்துகொள்ளும்படி அது மாற்றப்பட்டிருக்கலாம் என்று தொல்லியல் ஆட்கள் கருதுகிறார்கள்.

1849ல் முதல்முறை வாஷிங்டன் போனார். 1851ல் லாங்காஸ்டர் பக்கத்துக் கிறிஸ்டியானாவில், தப்பி வந்தவர்களைப் பிடிக்க ஆட்களோடு வந்த ஒரு மேரிலாந்து எஜமான் கைகலப்பில் கொல்லப்பட்டார். பிடிக்க உதவ மறுத்தவர்கள் மீதும் சேர்த்து 38 பேர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டது அரசாங்கம். பிலடெல்பியாவில் நடந்த அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேயை ஜூரிகள் சில நிமிடங்களில் விடுவித்துவிட்டார்கள். மற்றவர்கள் மேலிருந்த தேசத்துரோகக் குற்றச்சாட்டும் அதோடு விழுந்தது. இந்த வழக்கு வெற்றி சொந்தக் கட்சியிலேயே அவருக்கு எதிரிகளைச் சேர்த்தது. சில வருடம் ஒதுங்கி இருந்துவிட்டு, 1859ல் குடியரசுக் கட்சிக்காரராகத் திரும்பினார். அப்போது வயது 67. அவருடைய பெரிய வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு உள்நாட்டுப் போர் வந்ததும், வரி, கடன், செலவு எல்லாவற்றையும் பார்க்கும் நிதிக் குழுவுக்கு அவர் தலைவர். தங்கத்தின் பிடிமானம் இல்லாத காகிதப் பணத்தை 1862ல் சட்டபூர்வமாக்கியது அவர் காலத்தில்தான். லிங்கனை விடுதலைப் பக்கம் விடாமல் நெருக்கிக்கொண்டே இருந்தார். 1863 ஜூனில் தென்படைத் தளபதி ஜூபல் எர்லி வேண்டுமென்றே ஸ்டீவன்ஸின் காலிடோனியா இரும்பாலையை எரித்துத் தரைமட்டமாக்கினார். வேலையாட்களின் பிழைப்பே போனது. ஸ்டீவன்ஸ் ஊருக்கு எழுதிய கடிதத்தில், நாடு மறுபடி ஒன்றாகி, அடிமை முறையின் சுவடு கூட இல்லாமல் போகுமென்றால் இது மலிவான விலைதான் என்றார். 

இப்போது அவருடைய சட்ட மூளைக்கு நான் மிகவும் வியக்கும் இடத்துக்கு வருகிறேன். போர் முடிந்தது. 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன், தென் மாநிலங்களின் பழைய ஆட்களுக்கு மன்னிப்பை வாரி வழங்கினார். அந்த மாநிலங்கள் தேர்தல் நடத்தி, நேற்று வரை எதிர்த்துப் போரிட்ட தலைவர்களையே வாஷிங்டனுக்கு அனுப்பின. இதில் கொடுமையான ஒரு கணக்கு இருந்தது. பழைய சாசனப்படி, ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று பார்க்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவார்கள். அடிமை முறை ஒழிந்ததும் ஐந்து பேரும் ஐந்து பேர்தான். ஆகவே தென் மாநிலங்களுக்கு முன்பைவிட அதிக இடங்கள் கிடைக்கும். ஆனால் அந்த மக்களில் ஒருவருக்கும் ஓட்டு இருக்காது. போரில் தோற்றவர்கள் நாடாளுமன்றத்தில் பலம் கூடித் திரும்புவார்கள்.

1865 டிசம்பர் 4 அன்று கீழவை கூடியது. புது அவையில் முதலில் பெயர்ப் பட்டியல் வாசிப்பவர் எழுத்தர். அந்தப் பதவியில் இருந்தவர் எட்வர்ட் மெக்பர்சன், கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸ் வளர்த்துவிட்ட ஆள். அவர் வாசித்த பட்டியலில் தென் மாநிலத்தார் பெயர்களே இல்லை. டென்னஸியின் ஹோரஸ் மேனார்ட் எழுந்து பேச முயன்றார். பட்டியலில் பெயர் இல்லாதவர் பேச முடியாது. ஏற்கெனவே பேசி வைத்த ஏற்பாடு இது. துப்பாக்கி இல்லை, கூச்சல் இல்லை. எழுத்தர் சில பெயர்களைப் படிக்காமல் விட்டார், ஜான்சனின் திட்டம் அங்கேயே நின்றது. அன்றே 15 பேர் கொண்ட கூட்டுக் குழுவுக்கான தீர்மானத்தையும் ஸ்டீவன்ஸ் கொண்டு வந்தார். அந்தக் குழுவிலிருந்துதான் 14வது திருத்தம் வந்தது.

திருத்தத்தின் முதல் பிரிவின் பெரும்பகுதி ஒஹையோவின் ஜான் பிங்கம் எழுதியது. கீழவையில் அதைத் தோளில் சுமந்து கரை சேர்த்தது ஸ்டீவன்ஸ். 1866 மே 8 அன்று அவர் அதை எளிமையாக விளக்கினார்: வெள்ளைக்காரனை ஒரு குற்றத்துக்குத் தண்டிக்கும் சட்டம் எதுவோ, அதுவே கறுப்பினத்தவனையும் அதே மாதிரி, அதே அளவில் தண்டிக்க வேண்டும், வெள்ளைக்காரனைக் காக்கும் சட்டம் அவனையும் காக்க வேண்டும். நம் அரசியல் சாசனத்தின் 14வது பிரிவில் சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்று வரும் தொடர் அந்த அமெரிக்கத் திருத்தத்திலிருந்து எடுத்ததுதான். எண்ணும் 14 என்று அமைந்தது தற்செயல். நம் ஊர் நீதிமன்றங்களில் தினமும் யாரோ ஒரு வக்கீல் சொல்லும் அந்தச் சொற்களின் பின்னால் கெட்டிஸ்பர்க் வக்கீலின் உழைப்பும் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் நெருக்கமான செய்தி.

ஆனால் அந்தத் திருத்தம் அவர் கேட்டதில் பாதிதான். கறுப்பினத்தாருக்கு நேரடியாக வாக்குரிமை அதில் இல்லை. மறுக்கும் மாநிலத்துக்கு இடங்கள் குறையும் என்று சுற்றி வளைத்துச் சொன்னது. மேலவையான செனட் அதை மேலும் மாற்றி அனுப்பியது. 1866 ஜூன் 13, இறுதி வாக்கெடுப்பு நாளில் 74 வயது ஸ்டீவன்ஸ் பேசியதை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். இளமையிலும் முதுமையிலும் தனக்கொரு கனவு இருந்தது, இந்த நாட்டின் அமைப்புகளை அடியோடு புதுப்பித்து அநீதியின் அடையாளமே இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று. அந்தக் கனவு கலைந்துவிட்டது, பழைய கட்டடத்தின் மோசமான பகுதிகளை மட்டும் ஒட்டுப் போட்டுவிட்டு மீதியைப் புயலுக்கு விட வேண்டியிருக்கிறது என்றார். பிறகு ஏன் ஏற்றுக்கொள்கிறாய் என்று கேட்டால், தேவதைகளோடு அல்ல, மனிதர்களோடு வாழ்வதால்தான் என்றார். திருத்தம் 120க்கு 32 என்று நிறைவேறியது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு, இது போதாது என்பதையும் அதே மூச்சில் பதிவு செய்கிற அரசியல்வாதிகள் எத்தனை பேர்?

அடுத்த வருடம் தென் மாநிலங்களை ராணுவ ஆட்சியில் வைத்து, கறுப்பின ஆண்களும் வாக்களித்துப் புது அரசியல் சாசனங்கள் எழுத வைத்த சட்டங்கள் வந்தன. 1868 பிப்ரவரி 24 அன்று கீழவை ஜான்சன் மேல் பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டு வந்தது. அப்போது ஸ்டீவன்ஸால் நடக்க முடியவில்லை. இரண்டு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கி வருவார்கள். நீங்கள் இருவரும் செத்துப்போனால் என்னை யார் தூக்குவார்கள் என்று அவர்களிடம் கேட்டாராம். செனட்டில் அவர் உரையைப் படிக்கத் தொடங்கி, குரல் போய், மீதியைப் பெஞ்சமின் பட்லர் படித்தார். 35க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து ஜான்சன் தப்பித்தார். ஓர் அமைச்சரை நீக்கியது சட்ட மீறல் என்று கட்டிய அந்த வழக்கு, ஜான்சன் செய்த உண்மையான கேட்டைத் தொடவே இல்லை என்பது என் அபிப்பிராயம். அதை விட்டுவிடுகிறேன்.

1868 ஜூலையில் 14வது திருத்தம் சாசனத்தில் சேர்ந்தது. ஆகஸ்ட் 11 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் வாஷிங்டனில் ஸ்டீவன்ஸ் இறந்தார். படுக்கையருகே லிடியா இருந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் மையக் கூடத்தில் உடலை வைத்தபோது கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றார்கள். லாங்காஸ்டர் கட்சிக்காரர்கள், இறந்துவிட்டார் என்று தெரிந்தே, அடுத்த தேர்தலுக்கு அவரையே வேட்பாளராக நிறுத்தி மரியாதை செய்தார்கள்.

புதைக்கும் இடத்தை முன்பே தேர்ந்து வைத்திருந்தார். ஊரின் பெரிய இடுகாடுகள் வெள்ளையருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்ததால், எல்லோரையும் ஏற்கும் ஷ்ரைனர் இடுகாட்டில் இடம் வாங்கினார். கல்லில் பொறிக்க வேண்டியதையும் அவரே எழுதினார்: தனிமை பிடித்து இந்த ஒதுக்குப்புறத்தில் படுக்கவில்லை, மற்ற இடுகாடுகள் இனம் பார்த்து எல்லை போட்டிருப்பதால், நெடுநாள் பேசிய கொள்கையைச் சாவிலும் காட்டவே இங்கே வந்தேன், படைத்தவன் முன் மனிதர் எல்லோரும் சமம். உயிலில், மீதமாகும் சொத்து 50,000 டாலரை எட்டினால் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் வைக்கச் சொன்னார். இனமோ பெற்றோரின் மதமோ பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே வகுப்பு, சாப்பாடு ஒரே பந்தி. பல வருட இழுபறிக்குப் பின் 1905ல் அந்தப் பணத்தில் எழுந்த பள்ளி, இன்று அவர் பெயரிலேயே லாங்காஸ்டரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. ஏழைப் பிள்ளைகளிடம் இன்னும் கட்டணம் வாங்குவதில்லை.

பள்ளி, திருத்தம், கல்லறை எல்லாம் சேர்ந்து அவரைப் பெரிய மனிதராக்கப் போதும். ஆனால் என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆகப் பெரிய யோசனை, நிறைவேறாமல் போன ஒன்று. நிலம்.

1865 செப்டம்பர் 6 அன்று லாங்காஸ்டரில் பேசியபோது அவர் கணக்கு ஒன்றை முன்வைத்தார். தென் மாநிலங்களில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் பெரும்பண்ணையார்கள் சுமார் 70,000 பேர்; அவர்கள் கையில் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர். போரைத் தொடங்கியவர்கள் இவர்கள். இந்த நிலத்தை எடுத்து, விடுதலையான ஆண் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுத்தால், பத்து லட்சம் பேருக்கு 4 கோடி ஏக்கர் போதும். மீதியை விற்றுப் போர்க் கடனை அடைக்கலாம், ஓய்வூதியம் கொடுக்கலாம். சிறு விவசாயி யாருடைய நிலத்தையும் தொட வேண்டியதில்லை. வயிற்றெரிச்சலில் பழிவாங்கக் கிளம்பிய கிழவன் என்று பத்திரிகைகள் எழுதின. கணக்கை உட்கார்ந்து பார்த்தால், ஆலை நடத்தி, கடன்பட்டு, நாட்டின் கஜானாவையும் பார்த்த மனிதர் ஒருவரின் நிதானமான திட்டம் அது.

அந்த யோசனைக்கு முன்னோடியும் இருந்தது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், தென் கரோலினா, ஜார்ஜியா கரையோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி உத்தரவு போட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி உழவு தொடங்கினார்கள். அந்த வருடமே ஜான்சன் பழைய முதலாளிகளுக்கே நிலத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். 1866 பிப்ரவரியில் ஸ்டீவன்ஸ் ஒரு மசோதாவில் நிலத்துக்காகக் கொண்டுவந்த திருத்தம் 126க்கு 37 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் அவர் கட்சிக்காரர்களே நிறைய. சொத்தில் கை வைப்பது தவறு, ஓட்டு இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்றார்கள். பஞ்சாலைகளுக்குத் தெற்கத்திப் பருத்தி தடையின்றி வர வேண்டும் என்ற கவலையும் வடக்கில் இருந்தது.

அவர் விடவில்லை. 1867 மார்ச்சில் தனி மசோதாவே கொண்டுவந்தார். குடும்பத் தலைவருக்கு 40 ஏக்கர், குடும்பம் தாங்கும் விதவைக்கும் 40 ஏக்கர், வீடு கட்டக் கொஞ்சம் பணம். ஏமாற்றிப் பிடுங்காதபடி பத்து வருடத்துக்கு அதை யாருக்கும் விற்க முடியாது. இங்கேயும் ஓட்டை அடைக்கும் பழைய வக்கீல் தெரிகிறார். உடல்நிலை மோசமாகி, உரையை முழுதும் படிக்கக்கூட முடியவில்லை. உடனடி வாக்குரிமையைவிட இவர்களுக்கு வீடும் நிலமுமே அதிக மதிப்புள்ளவை, இரண்டுமே இவர்களுக்குச் சேர வேண்டியவைதான் என்றார். அடுத்தவன் நிலத்தில், அடுத்தவன் குடிசையில் இருக்கும் மனிதனின் ஓட்டு எத்தனை நாளைக்கு அவனுடையதாக இருக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை.

நடந்தது நமக்குத் தெரியும். விடுதலையானவர்கள் பழைய பண்ணையிலேயே வாரத்துக்கு உழுது, விதைக்கும் சோறுக்கும் கடைக்காரரிடம் கடன்பட்டு, அறுவடைக் கணக்கில் எப்போதும் பாக்கியோடு நின்றார்கள். தவறான ஆளுக்கு ஓட்டுப் போட்டால் குடிசையை விட்டுத் துரத்தினார்கள். இரவில் முகமூடி போட்டவர்கள் வந்தார்கள். 1877க்குள் மாநில ஆட்சிகள் பழையவர்களிடமே திரும்பின. பிறகு பல பத்தாண்டுகள், அந்த அழிவுக்கெல்லாம் ஸ்டீவன்ஸின் வெறிதான் காரணம் என்று சரித்திரப் புத்தகங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன.

அவர் சொன்னது சரியா என்று சோதித்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. தென் கரோலினாவின் பியூஃபர்ட், அதை ஒட்டிய செயின்ட் ஹெலினா தீவு. 1861 நவம்பரிலேயே வடபடை அந்தக் கரையைப் பிடித்ததும் பண்ணையார்கள் ஓடிவிட்டார்கள். போர்ச் செலவுக்காகப் போட்ட நேரடி வரி, ஸ்டீவன்ஸின் குழு பொறுப்பில் இருந்த காலத்து வரி, அவர்கள் கட்டவில்லை. அரசாங்கம் நிலத்தை ஏலம் விட்டது. விடுதலையானவர்கள் காசு சேர்த்துச் சிறு துண்டுகளாக வாங்கினார்கள். வரிப் பாக்கியில் விற்ற நிலம் என்பதால் ஜான்சனால் இதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பியூஃபர்ட்டில் அப்படி ஒரு வீட்டை வாங்கியவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1839ல் அதே வீட்டின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தவர்; 1862ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தென்படைக் கப்பலையே குடும்பத்தோடு கடத்தி வந்தவர். பழைய சொந்தக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். 1878ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீடு ஸ்மால்ஸுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. சொந்த நிலத்தில் நின்ற அந்தப் பகுதி மக்கள், மற்ற இடங்களில் கறுப்பினத்தாரின் ஓட்டு நசுக்கப்பட்ட பிறகும், 1887 வரை அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1895ல் தென் கரோலினா அவர்களின் வாக்குரிமையைப் பறிக்கப் புதுச் சாசனம் எழுதியபோது, மாநாட்டில் இருந்த ஆறு கறுப்பின உறுப்பினர்களில் ஒருவராக ஸ்மால்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். தோற்றார்கள். ஓட்டு போய்விட்டது. நிலம் போகவில்லை, செயின்ட் ஹெலினாவில் அன்று வாங்கிய துண்டுகளில் சில இன்றும் அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளிடம் இருக்கின்றன.